கையும் களவும்

வழக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. உலகத்தார் வழங்கி வரும் நெறி ஒன்று. மன்றத்தில் இரு திறத்தார் எடுத்துரைக்கும் முறையீடு மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒரு சொல்லுள் அமைந்திருத்தல் எண்ணத்தக்கது. நெறியோடு பொருந்த உரைப்பதே வழக்கு. நெறி பிறழ உரைப்பது வெறும் பழியே ஆகும். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கு வழக்குரை காதை என்று பெயர். ஆனால் அக்காதையில் வழக்கு உரைக்கப்படும்போது குற்றஞ்சாட்டப்பட்டவன் உயிரோடு இல்லை. தண்டனை முந்திவிட்டது, வழக்குப் பிந்தி வந்தது. மதுரைக் காண்டத்தின் அவலம் முழுவதும் இம்முறை மாற்றத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

இக்காப்பியத்தைப் பள்ளியிலும் மேடையிலும் விளக்குவோர் பெரும்பாலும் ஊழ்வினையையே முதன்மையாகக் காட்டுவர். ஊழும் ஒரு காரணமே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் காப்பியத்தின் பதிகம் மூன்று உண்மைகளைச் சுட்டுகின்றது. அரசு முறையில் தவறியவர்க்கு அறமே கூற்றாக வரும் என்பது அவற்றுள் ஒன்று. எல்லாம் ஊழ் என்று சொல்லி முடித்துவிட்டால், பாண்டியன் செய்த தவறு யாது என்னும் வினா விடையின்றி நின்றுவிடும். தவறு இன்னது என்று தெளியாதவர்க்கு, அதே தவறு வேறோர் உருவில் வரும்போது அடையாளம் தெரியாது.

இவ்வினா பழங்கதையோடு முடிவதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு உயிருக்கு வாதாடுவோரின் வழக்குகளுட் பெரும்பாலானவை இந்த ஒரு வினாவைச் சுற்றியே சுழல்கின்றன. ஒருவன் கையில் ஒரு பொருள் இருந்தது. அதனாலேயே அவன் குற்றவாளி ஆவானா? கைக்கும் மனத்துக்கும் இடையே உள்ள தொலைவை எதைக் கொண்டு அளப்பது? சிலம்பு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வினா நன்கு பழகியதே. ஆகலின் சிலம்பைத் துணைக்கொண்டு இன்றைய சட்டத்தைத் திறனாய்வது பயனுடையதாகும்.

மன்னன் ஆணையில் உள்ள பிழை

கோவலன் மதுரையில் கண்ணகியின் காற்சிலம்பு ஒன்றை விற்கச் செல்கின்றான். எதிர்ப்பட்ட பொற்கொல்லன் முன்னரே அரசியின் சிலம்பைக் கவர்ந்து மறைத்தவன். அவன் கோவலனை ஓரிடத்தில் இருக்கச் செய்துவிட்டு அரண்மனைக்கு விரைகின்றான். ஊடல் கொண்ட தேவியைக் காணச் செல்லும் மன்னனை இடைவழியில் கண்டு, சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்கின்றான். மன்னன் காவலரை அழைத்து ஆணையிடுகின்றான். தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்பது அவ்வாணையின் கருத்து.

இங்கே கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. மன்னன் நிபந்தனை இன்றி ஆணையிட்டான் அல்லன். கையில் இருக்குமாயின் என்று ஒரு நிபந்தனை வைத்தான். ஆயின் அந்நிபந்தனை கையைப் பற்றியதாய் மட்டும் இருந்தது. எவ்வாறு கைக்கு வந்தது, யாருடைய சிலம்பு, கொண்டவன் யாது சொல்கின்றான் என்னும் மூன்றும் அந்நிபந்தனையில் இடம்பெறவில்லை. கையில் இருப்பது களவுக்கு அடையாளமாகலாம். மன்னன் அதனைக் களவுக்கு முடிவாகவே கொண்டான். அதுவே பிழை.

இப்பிழையைத் தவிர்க்கும் கருவி அவனிடமே இருந்தது என்பது அவலத்தை மிகுவிக்கின்றது. தேவியின் சிலம்பில் முத்துப் பரல்கள் உள்ளன என்பதை அவன் அறிவான். கண்ணகி வந்து வினவியபோது அவனே அதனைச் சொல்கின்றான். அவள் தன் சிலம்பில் மாணிக்கப் பரல்கள் என்றாள். உடைத்த அளவில் உண்மை வெளிப்பட்டது. அந்த ஒரு சோதனையைக் கொலைக்கு முன் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். உள்ளே இருப்பது என்ன என்று பாராமல், வெளியே தெரிவதைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது.

கொலைக்களத்தில் நிகழ்வது அதனினும் கொடிது. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர்க்கு ஐயம் எழுகின்றது. இவன் கொலைப்படத் தக்கவனாகத் தோன்றவில்லை என்கின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் முதலிய எட்டு வழிகளை விரித்துரைக்கின்றான். அவன் சொன்னது கள்வர் என்னும் இனத்தைப் பற்றியது. நின்றுகொண்டிருந்த மனிதனைப் பற்றியது அன்று. பொதுப்படையான அச்சத்தைக் கிளப்பித் தனிமனிதன் மீதுள்ள ஐயத்தை அடக்கிவிட்டான். அவ்விடத்தில் கோவலன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவனைக் கேட்டவரும் இல்லை. கள்ளுண்ட காவலன் ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிட்டது.

இன்றைய சட்டத்தின் அனுமானங்கள்

ஆங்கிலேயச் சட்ட மரபில், குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டுவோரையே சாரும். நியாயமான ஐயம் எஞ்சாத அளவுக்கு மெய்ப்பித்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் தீர்ப்புரைத்த சாங்கி பிரபு இந்நெறியை, அச்சட்டம் முழுவதும் ஊடுருவிச் செல்லும் பொன்னிழைக்கு ஒப்பிட்டார். மலேசியாவும் சிங்கப்பூரும் இம்மரபின் வழி வந்தவை.

போதைப்பொருள் சட்டங்களோ இவ்விழையைப் பல இடங்களில் தளர்த்தியுள்ளன. தளர்த்தும் கருவிக்குச் சட்ட அனுமானம் என்று பெயர். ஒன்று நிறுவப்பட்டால், மறுதலை மெய்ப்பிக்கப்படும் வரை மற்றொன்றையும் உண்மையென்று கொள்ளுதலே அது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவில் இரண்டு அனுமானங்கள் குறிப்பிடத்தக்கவை. போதைப்பொருள் உள்ள பை, பெட்டி போன்ற எதுவும் ஒருவன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கக் காணப்பட்டால், அவன் அப்போதைப்பொருளை உடைமையாகக் கொண்டிருந்தான், அதன் தன்மையையும் அறிந்திருந்தான் என்று கொள்வது முதலாவது. 15 கிராம் ஹெராயினோ 200 கிராம் கஞ்சாவோ அதற்கு மேலோ உடைமையாக வைத்திருக்கக் காணப்பட்டவன் அதனைக் கடத்தினான் என்று கொள்வது இரண்டாவது.

சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்திலும் இவற்றுக்கு நிகரான 17ஆம், 18ஆம் பிரிவுகள் உள்ளன. அங்கே 2 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயின் இருந்தால் கடத்தும் நோக்கம் அனுமானிக்கப்படும். 15 கிராமுக்கு மேற்பட்டதைக் கடத்தினால் மரண தண்டனை. இவ்வெல்லையின் கூர்மையை ஒரு செய்தியால் உணரலாம். சில வழக்குகளில் அரசுத் தரப்பு எடையைக் குறைத்து, 14.99 கிராம் என்றே குற்றஞ்சாட்டுவதுண்டு. ஒரு கிராமின் நூற்றில் சில கூறுகள் ஒருவனுடைய உயிரின் விலை ஆகிவிடுகின்றன.

இங்கே சொல் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். கடத்தல் என்றால் எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகக் கொண்டு செல்வதே மக்கள் நினைவுக்கு வரும். சட்டத்தின் பொருள் அதனினும் விரிந்தது. விற்றல் மட்டுமன்றிக் கொடுத்தல், ஏற்றிச் செல்லல், அனுப்புதல், சேர்ப்பித்தல், பகிர்ந்தளித்தல் ஆகியனவும் அதனுள் அடங்கும். கூலிக்குச் சுமந்தேன், விற்கவில்லை என்பது தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாமே அன்றிக் குற்றத்துக்கு எதிர்வாதம் ஆகாது. இதனை அறியாத இளைஞர், தாம் செய்தது சிறு பிழை என்று எண்ணி மயங்குவர்.

கண்டதும் கருதியதும்

அளவை நூலார் காண்டலையும் கருதலையும் வேறு பிரித்துக் கூறுவர். மணிமேகலை அவற்றை விரித்துரைக்கின்றது. மலையில் புகையைக் காண்கின்றோம். அங்கே நெருப்பு உண்டு என்று கருதுகின்றோம். இது முறையான கருதல். ஆயின் கருதிய நெருப்பைக் கொண்டு அங்கே உலை வைத்திருப்பர் என்றும், கருதிய உலையைக் கொண்டு விருந்தினர் வந்திருப்பர் என்றும் சொல்லிச் சென்றால், விருந்தினர் பெயரைக் கூடச் சொல்லிவிடலாம். முதலில் கண்ட புகையோ அப்படியே நிற்கும்.

மலேசியச் சட்ட வரலாற்றில் இரட்டை அனுமானம் பற்றி எழுந்த விவாதம் இதனை ஒத்தது. முதல் அனுமானத்தால் உடைமை கருதப்படுகின்றது. அவ்வாறு கருதப்பட்ட உடைமையின் மீது இரண்டாம் அனுமானத்தை ஏற்றிக் கடத்தலையும் கருதலாமா? 1998ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் கூடாது என்றது. இரண்டாம் அனுமானத்துக்குச் சட்டம் கேட்பது உடைமையாக வைத்திருக்கக் காணப்படுதல். முதல் அனுமானம் தருவதோ உடைமை என்று கருதப்படுதல். காணப்பட்டதும் கருதப்பட்டதும் ஒன்றாகா என்பது தீர்ப்பின் சாரம். ஒரு வினைச்சொல்லின் பொருளை நுணுகி ஆராய்ந்ததால் உயிர்கள் காக்கப்பட்டன. இலக்கணம் வாழ்க்கைக்கு உதவாது என்பார் இத்தீர்ப்பை அறிதல் நன்று.

பின்னர் 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் 37ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, இரண்டு அனுமானங்களையும் ஒருசேரப் பயன்படுத்தலாம் என்று வகுத்தது. அப்பிரிவு ஐந்து ஆண்டுகளே நிலைத்தது. பயணப் பெட்டிகளில் போதைப்பொருளுடன் பிடிபட்ட வெளிநாட்டுப் பெண்கள் இருவரின் முறையீட்டில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்ற அமர்வு அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. உயிர் வாழும் உரிமையைக் கூறும் 5ஆம் விதிக்கும், சட்டத்தின் முன் சமத்துவத்தைக் கூறும் 8ஆம் விதிக்கும் அது பொருந்தாது என்பது முடிவு. அப்பெண்கள் மீதான கடத்தல் தீர்ப்பு நீங்கி, உடைமைக் குற்றமே எஞ்சியது. ஒன்றன்மேல் ஒன்றாக அனுமானங்களை அடுக்கினால், நியாயமான ஐயம் இருக்கவும் ஒருவன் குற்றவாளியாகும் இடர் உண்டு என்று நீதிமன்றம் கருதியது. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், அனுமானிக்கப்பட்ட உடைமை அல்லது அறிவின் மேல் கடத்தல் நோக்கத்தின் அனுமானத்தை ஏற்றலாகாது என்று 2018ஆம் ஆண்டில் தெளிவாக்கியது. சட்டங்கள் வேறாயினும், இவ்விடத்தில் இரு நாடுகளின் நீதிமன்றங்களும் ஏறத்தாழ ஒரு கோட்டில் வந்து நிற்றல் கருதத்தக்கது.

எதிர்வாதத்தின் நான்கு வழிகள்

இவ்வாறான வழக்கில் எதிர்வாதம் என்பது சொற்சாலத்தால் குற்றத்தை மறைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அரசுத் தரப்புக் கட்டும் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே எதிர்வாதம். அச்சோதனை பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது, பொருளே அதுதானா என்பது. கைப்பற்றிய பொட்டலம், அடையாளமிட்ட பொட்டலம், நிறுத்த பொட்டலம், வேதியியல் ஆய்வாளர் சோதித்த பொட்டலம் ஆகிய அனைத்தும் ஒன்றே என்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு உண்டு. இடையில் எண் மாறினாலோ எடை மாறினாலோ ஐயம் பிறக்கும். பலர் இதனைச் சிறு நுணுக்கம் என்று இகழ்வர். முத்தா மாணிக்கமா என்று பார்ப்பதும் அத்தகைய நுணுக்கமே என்பதை அவர் மறந்தனர்.

இரண்டாவது, அது அவன் ஆளுகையில் இருந்ததா என்பது. ஒரு வீட்டில் பலர் குடியிருப்பர். ஒரு காரைப் பலர் ஓட்டுவர். ஓர் அறையின் சாவி பலரிடம் இருக்கும். பிறரும் எளிதில் அணுகக்கூடிய இடத்தில் இருந்த பொருளை ஒருவன் தலையில் மட்டும் ஏற்றுவதற்குத் தனிச்சான்று வேண்டும்.

மூன்றாவது, அறிந்திருந்தானா என்பது. எதிர்வாதத்தின் உயிர்நிலை இதுவே. சிங்கப்பூர் விமான நிலையத்தில் நைஜீரிய நாட்டவர் ஒருவரின் பெட்டிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ மெத்தம்பெட்டமைன் கண்டெடுக்கப்பட்டது. அவர் முதலில் மரண தண்டனை பெற்றார். 2019ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெட்டிக்குள் அப்பொருள் மறைந்திருந்தமை அவருக்குத் தெரியாது என்பதை அரசுத் தரப்பே ஏற்றிருந்தது. அவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்பது அதன் வாதம். அவ்வாதம் நிலைக்க மூன்று வேண்டும் என்றது நீதிமன்றம். தெளிவான, அடிப்படையுள்ள ஐயம் அவர் மனத்தில் எழுந்திருத்தல் வேண்டும். விசாரித்தறியத் தக்க வழி இருந்திருத்தல் வேண்டும். விளைவுக்கு அஞ்சியே விசாரிக்காமல் விட்டிருத்தல் வேண்டும். ஏமாந்தவனும் ஏமாந்தவன்போல் நடிப்பவனும் வேறு என்பதை அளந்து பார்க்கும் கோல் இது. பேதைமையும் வஞ்சனையும் ஒரே சட்டை அணிந்து வரலாம். நீதிமன்றத்தின் கடமை சட்டையைப் பார்ப்பது அன்று.

நான்காவது, நோக்கம் என்ன என்பது. வைத்திருந்தது தன் நுகர்வுக்கே என்று ஒருவன் காட்டினால் உடைமைக் குற்றம் நிற்கும், கடத்தல் நில்லாது. பிறருக்காகச் சிறிது காலம் வைத்திருந்து, கொடுத்தவரிடமே திருப்பித் தரும் நோக்குடையவன் கடத்தியவன் ஆகான் என்றும் 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆயின் அப்பொருள் பிறர் கைக்குப் பரவுவதற்கே தன்னிடம் தங்குகின்றது என்று அறிந்தவனுக்கு இவ்வாதம் உதவாது என்று 2021ஆம் ஆண்டில் அதற்கு வரம்பு கட்டியது.

இவ்வழிகளில் எதனைக் கொண்டாலும், குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்லை எடைபோடும் முறை ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டில் நீதிபதி சுபியான் அதனை எளிய படிகளாக வகுத்தளித்தார். அவன் சொல்வதை நம்பினால் விடுதலை. நம்பாவிடினும், அது நியாயமான ஐயத்தை எழுப்பினால் விடுதலை. நம்பவும் இல்லை, ஐயமும் எழவில்லை என்றால் மட்டுமே தண்டனை. நம்பவில்லை என்பதும் பொய் என்று முடிந்தது என்பதும் வேறு வேறு என்னும் நுட்பத்தை இத்தீர்ப்பு காக்கின்றது. சட்ட அனுமானம் புகுந்த இடத்திலோ இப்படிகள் மாறிவிடும். ஐயம் எழுப்பினால் போதாது. தான் சொல்வதே நிகழ்ந்திருக்கக்கூடும் என்று தராசுத் தட்டுத் தன் பக்கம் தாழுமாறு அவனே காட்டல் வேண்டும். ஏழைக் கூலி ஒருவன், தன் மனத்தில் இல்லாத ஒன்றை இல்லையென்று மெய்ப்பிப்பது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டா.

முதற்சொல்லும் மொழியும்

எதிர்வாதம் நீதிமன்றத்தில் தொடங்குவதாக மக்கள் எண்ணுகின்றனர். உண்மையில் அது பிடிபட்ட முதல் சில மணி நேரத்தில் தொடங்குகின்றது. சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 23ஆம் பிரிவின்படி குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு ஓர் எச்சரிக்கை வாசிக்கப்படும். தன் எதிர்வாதத்துக்கு உரிய செய்தியை அப்போது சொல்லாமல் விசாரணை வரை வைத்திருந்தால், நீதிபதி அதனை நம்புவது குறையலாம் என்பது அதன் கருத்து. மலேசியாவில் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தீர்ப்பு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவன் பொருளைக் கொடுத்தவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே விவரத்தோடு கூறியிருந்தால், அதனைத் தேடிச் சரிபார்ப்பது விசாரணையாளர் கடமை என்றது கூட்டரசு நீதிமன்றம். காலத்தில் சொன்ன சொல் கேட்போர்க்கும் ஒரு கடமையைப் பிறப்பிக்கின்றது. காலந்தாழ்த்திய சொல்லோ, வழக்குக்காகப் புனைந்த கதை என்று தள்ளப்படும்.

அம்முதற்சொல் எம்மொழியில் சொல்லப்படுகின்றது, எம்மொழியில் எழுதப்படுகின்றது என்பது தமிழாசிரியர் தனித்துக் கருதற்பாலது. ஒருவன் தமிழில் சொல்கின்றான். மொழிபெயர்ப்பாளர் வழியாக அது ஆங்கிலத்திலோ மலாயிலோ ஏடேறுகின்றது. ஒரு சாமானைக் கொண்டு போகச் சொன்னார்கள் என்று அவன் சொன்னதாகக் கொள்வோம். சாமான் என்பது எப்பொருளுக்கும் பொதுவான சொல். அதனைப் போதைப்பொருள் என்று பெயர்த்தால், அறியாதவன் அறிந்தவன் ஆகிவிடுவான். மருந்து என்று அவன் சொன்னால் இடர் இன்னும் பெரிது. ஆங்கிலத்தில் மருந்துக்கும் போதைப்பொருளுக்கும் டிரக் என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. நோய்க்கு மருந்து என்று நம்பிச் சுமந்ததாகச் சொன்னவனின் சொல்லே அவனுக்கு எதிர்ச்சாட்சி ஆகலாம். தெரியும் என்பதற்கும் தெரிந்திருக்கலாம் என்பதற்கும், நினைத்தேன் என்பதற்கும் சந்தேகப்பட்டேன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியில் பிழைதிருத்தப் பாடமாகவே பயிற்றுகின்றோம். விசாரணை அறையில் அது உயிர்த்திருத்தம் ஆகின்றது. வாக்குமூலத்தை மீண்டும் படித்துக் காட்டக் கேட்டு, பிழை இருப்பின் திருத்தக் கோரி, அதன் பின்னரே கையெழுத்திடல் வேண்டும் என்பது ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பாடமாகும்.

மறுப்பும் விடையும்

போதைப்பொருள் எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்தது. அதனைச் சுமந்தவனுக்கு இத்துணைப் பரிவு ஏன் என்பாரும் உளர். அவர் சினம் நியாயமானது. மகனை இழந்த தாயின் கண்ணீருக்கு முன் சட்ட நுணுக்கம் பேசுவது எளிதன்று. ஆயின் எதிர்வாதம் பரிவு அன்று, கண்டறிதல். கோவலன் கொலையுண்டபோது தப்பியவன் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் அன்று வழக்கின் சாட்சியாகவே நின்றான். சுமந்தவனை விரைந்து கொன்றதால், திருடியவனை நோக்கிச் செல்லும் வழி அடைபட்டது. குற்றத்தின் மேல் உண்மையான சினம் உடையவனே, சரியான ஆளைப் பிடித்தோமா என்று இருமுறை பார்ப்பான்.

பொருளைப் பற்றிய உண்மை சுமந்தவனுக்கே தெரியும். அவனே விளக்கட்டும், அதில் தவறென்ன என்பது வேறொரு மறுப்பு. சிங்கப்பூரிலிருந்து சென்ற முறையீட்டில் 1980ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சிலும் இதனை ஒத்த காரணம் காட்டி, நோக்கம் பற்றிய அனுமானத்தை ஏற்றுக்கொண்டது. இவ்வாதத்தில் வலிமை இல்லாமல் இல்லை. பெருமளவு போதைப்பொருளை அறிந்தே வைத்திருந்தவன், அஃது எதற்கென்று சொல்லக் கடமைப்பட்டவனே. ஆயின் அறிந்தே வைத்திருந்தான் என்பது முதலில் நிலைபெறல் வேண்டும். அறிந்தவனை விளக்கச் சொல்வது முறை. அறியாதவனை, அறியாமையை விளக்கு என்பது அவன் கையில் இல்லாத திறவுகோலைக் கேட்பதாகும்.

அண்மைக்காலச் சீர்திருத்தங்களிலும் இதே சிக்கல் தலைகாட்டுகின்றது. சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு முதல், வெறும் சுமையாளாக இருந்து, போதைப்பொருள் ஒடுக்கத்துக்குக் கணிசமாக உதவியதாக அரசுத் தரப்புச் சான்றளித்தவனுக்கு, மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. மலேசியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஒத்த ஒரு வழியைத் திறந்தது. பின்னர் 2023ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய மரண தண்டனையையே நீக்கி, தண்டனையைத் தேர்ந்து விதிக்கும் உரிமையை நீதிபதியிடம் அளித்தது. மரண தண்டனை முற்றும் நீங்கிவிடவில்லை எனினும், இஃது ஒரு பெரும் மாற்றமே. ஆயின் உதவினால் உயிர் என்னும் முறையில் ஒரு முரண்பாடு உண்டு. கூட்டத்தின் நடுவில் இருந்தவனுக்குச் சொல்வதற்குப் பல பெயர்கள் தெரியும். கடைக்கோடியில் நின்றவனுக்கு ஒரு பெயர் தெரியலாம்; அதுவும் பொய்ப்பெயராக இருக்கலாம். உண்மையிலேயே ஒன்றும் அறியாதவனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இராது. குறைந்த குற்றமுடையவனே குறைந்த பயன் பெறும் நிலை அறத்தோடு பொருந்துமா என்பது சட்டம் வகுப்போர் சிந்திக்க வேண்டியதாகும்.

ஆசிரியர் கடமை

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் முறை செய்தலுக்கு முன் ஆராய்தலை வைக்கின்றது. ஆராயாத விரைவு வலிமை போல் தோன்றும். முடிவில் அது அரசனையே அழித்துவிடும். பாண்டியன் தன் பிழை அறிந்த அக்கணமே உயிர் துறந்தான். அவனைக் கொடுங்கோலன் என்று காட்டாமல், ஒருமுறை ஆராயத் தவறிய நல்லரசன் என்று காட்டியதே காப்பியத்தின் சிறப்பு. நல்லவர் வகுத்த சட்டமும் ஆராய்வின்றி இயங்கினால் தவறும் என்பதே அதன் படிப்பினை.

இதனை வகுப்பறைக்குக் கொண்டு வருவது கடினம் அன்று. பிறர் தந்த மூடிய பொட்டலத்தை உள்ளே இருப்பது அறியாமல் சுமத்தல் கூடாது என்பதும், கூலி அளவுக்கு மீறியதாக இருந்தால் ஐயுற வேண்டும் என்பதும், ஐயுற்றபின் கேளாதிருப்பது அறியாமை ஆகாது என்பதும் முதலில் சொல்லப்பட வேண்டும். பிடிபட்டவன் உறவினனாயினும் அயலானாயினும், உண்மையைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுமாறு அறிவுறுத்தலும், மரண தண்டனைக்குரிய வழக்கில் வசதியற்றவர்க்கும் வழக்கறிஞர் அமர்த்தப்படுவர் என்று அவன் குடும்பத்தார்க்குத் தெரிவித்தலும் அடுத்தவை.

மூன்றாவது, மொழியைப் பற்றியது. போதைப்பொருளோடு ஒருவன் கைதான செய்தியைப் படித்தவுடன், கையும் களவுமாகப் பிடிபட்டான் என்று சொல்லிவிடுகின்றோம். அத்தொடரில் கை என்பது கண்டது. களவு என்பது கருதியது. இரண்டையும் இணைத்து நிற்பது உம் என்னும் சிறிய இடைச்சொல். இலக்கண வகுப்பில் அதனை எண்ணும்மை என்று சொல்லிக் கடந்துவிடலாம். நீதிமன்றத்தில் அவ்வாறு கடத்தல் ஆகாது. அந்த உம்மையை மெய்ப்பிக்குமாறு அரசுத் தரப்பைக் கேட்பதே எதிர்வாதம். மெய்ப்பித்ததா என்று பார்ப்பதே தீர்ப்பு. அவ்விரண்டுக்கும் முன்னரே தீர்ப்புரைக்காத நாவை மாணவர்க்குப் பழக்குதல், சிலம்பு கற்பிப்போர் செய்யத்தக்க பணியாகும்.